விளையாட்டுலகின் விந்தைச் சட்டங்கள்

ஓர் உலகம் உண்டு. அங்கே ஒரு வீரன் கோபுரத்தின் உச்சியிலிருந்து குதிப்பான். கீழே நிற்கும் வைக்கோல் வண்டியில் விழுவான். ஒரு சிராய்ப்புமின்றி எழுந்து நடப்பான். அதே வீரன் துறைமுகத்து நீரில் கால் தவறி விழுந்தானோ, அக்கணமே மாண்டு போவான். அவனுக்கு நீந்தத் தெரியாது! வேறொரு வீரன் பாழடைந்த கோட்டையின் சுவரைச் சாட்டையால் அடித்து உடைப்பான். உள்ளே சுட்ட இறைச்சி இருக்கும். எந்தக் காலத்து இறைச்சியோ, யார் வைத்ததோ, கேள்வியே கிடையாது. எடுத்து உண்பான், காயம் ஆறிவிடும். இன்னொருவன் முதுகில் வாணலி ஒன்றைத் தொங்கவிட்டிருப்பான். பின்னாலிருந்து பாயும் துப்பாக்கிக் குண்டு அதில் பட்டுத் தெறித்து ஓடிவிடும்.

பித்தர் உலகமோ என்று கேட்கிறீர்களா? இல்லை, அன்பர்களே. முதலில் சொன்னது 2007இல் வெளிவந்த 'அசாசின்ஸ் கிரீட்'. இரண்டாவது 1986இல் வந்த 'காசில்வேனியா'. மூன்றாவது 2017இல் வந்து நம் நாட்டு இளைஞர் பலரின் உறக்கத்தைக் கெடுத்த 'பப்ஜி'. நம் விடுதியில் இரவு பதினொரு மணிக்கு மேல் எந்த அறைக் கதவைத் தட்டினாலும் இவ்வுலகின் குடிமக்கள் நால்வரையாவது காணலாம். நானும் அவர்களுள் ஒருவனே, மறைப்பானேன்?

இந்தப் பொய்களைக் கண்டு நகைப்பது எளிது. அவை ஏன் தோன்றின, ஏன் இன்னும் நிலைத்து நிற்கின்றன என்று ஆராய்வதே பயனுடையது. அந்த ஆராய்ச்சிக்கு என்னைத் தள்ளியது சென்ற பொங்கல் விழா.

விழாவில் காட்சிக்கு வைக்க நாமே ஒரு விளையாட்டைச் செய்தால் என்ன என்று நண்பர் மூவர் கூடித் துணிந்தோம். ஒரு சிறுவன் கூரைக்குக் கூரை தாவிக் கரும்பு சேர்க்க வேண்டும், கதை அவ்வளவுதான். நிரல் எழுதுவது என் பொறுப்பு. படம் வரைவது என் அறைத்தோழன் பொறுப்பு. மூன்றாமவர் பௌதிகத்தில் முதுகலை பயில்பவர். அவர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: "நம் விளையாட்டில் பொய் இருக்கக் கூடாது." நாங்களும் உடன்பட்டோம். உலகத்தார் செய்யும் பிழையை நாம் திருத்திவிடுவோம் என்ற இளமைச் செருக்கு!

பௌதிக நண்பர் கணக்கிட்டுத் தந்தார். நல்ல உடற்கட்டுள்ள இளைஞன் அரை மீட்டர் எழும்பலாம். புவியீர்ப்பு நொடிக்கு நொடி 9.8 மீட்டர் வேகம் கூட்டுவது. ஆகவே அவன் காற்றில் இருப்பது ஏறக்குறைய 0.64 நொடி. நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடிவந்து தாவினால் 3.84 மீட்டர் கடப்பான். எனவே கூரைகளுக்கிடையே 3.5 மீட்டர் இடைவெளி வைத்தோம். கணக்கில் ஒரு குறையும் இல்லை.

முதலாண்டு மாணவர் ஒருவரை அழைத்து ஆடச் சொன்னோம். சிறுவன் முதல் தெருவிலேயே விழுந்தான். மீண்டும் விழுந்தான். பத்துமுறை விழுந்தான். அந்தத் தம்பி என்னைப் பார்த்து, "அண்ணே, நான் அமுக்கிட்டேன், இதுதான் குதிக்க மாட்டேங்குது" என்றார். அவர் அமுக்கியது உண்மை. அமுக்கியபோது சிறுவன் கூரையைத் தாண்டி அந்தரத்தில் இருந்ததும் உண்மை. யார் மேல் குற்றம்?

கணக்கை மறுபடியும் பார்த்தோம். இடைவெளி 3.5, தாவும் தொலைவு 3.84. ஆகவே கூரையின் விளிம்புக்கு முன் 0.34 மீட்டருக்குள் குதித்தாக வேண்டும். ஓடும் வேகத்தில் அந்தத் தொலைவைக் கடக்க 0.06 நொடிகூட ஆகாது. ஒன்றைக் கண் கண்டு கை அசைய மனிதனுக்குச் சுமார் 0.2 நொடி வேண்டும். நாமே ஓடும்போது நம் காலே நமக்கு விளிம்பை உணர்த்துகிறது. திரைக்கு முன் அமர்ந்திருப்பவனுக்குக் கால் ஏது? அவனுக்கு இருப்பது ஒரு கண்ணாடிப் பலகையும் ஒரு விரலுமே. கால் இல்லாதவனிடம் காலின் துல்லியத்தைக் கேட்டோம். எங்கள் 'உண்மை' அவனுக்கு அநீதியாக முடிந்தது.

அன்றிரவு நாங்கள் பொய் சொல்லக் கற்றோம். விளிம்பைத் தாண்டிய பின்னும் பத்தில் ஒரு நொடி வரை குதிக்க இசைவு தந்தோம். அதாவது, சிறுவன் 0.6 மீட்டர் தூரம் வெறுங்காற்றில் ஓடிவிட்டு அங்கிருந்து எழும்பலாம்! பல விளையாட்டுகளில் இச்சலுகை உண்டு. இதற்குக் 'கயோட்டி நேரம்' என்று பெயர். பழைய கேலிச்சித்திரப் படங்களில் ஓர் ஓநாய் மலை விளிம்பைத் தாண்டி ஓடி, கீழே பார்த்த பிறகே விழுமல்லவா? அந்த ஓநாயின் பெயரால் வந்தது. 2018இல் வந்த 'செலஸ்ட்' என்னும் மலையேற்ற விளையாட்டு மிகக் கடினமானது என்று பெயர் பெற்றது. அதை ஆக்கியோரே இத்தகைய இரகசியச் சலுகைகள் பலவற்றை வைத்திருப்பதைப் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார்கள். காற்றிலேயே திசை திரும்பவும் எங்கள் சிறுவனுக்கு உரிமை அளித்தோம். 1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' முதல் எத்தனையோ வீரர்கள் நியூட்டனைக் கேளாமல் செய்துவரும் காரியம் அது.

மறுநாள் அதே தம்பி ஆடினார். மூன்று தெரு தாண்டினார். "இப்பத்தான் சரியா இருக்கு" என்றார். பொய் கூட்டியபின் அவருக்கு உண்மை போலத் தோன்றியது! இதுவே முதற் பாடம். விளையாட்டின் பொய்களுள் ஒருவகை, ஆடுபவனின் கைக்குக் காட்டும் கருணை.

நிற்க. எல்லாப் பொய்யும் கருணையால் பிறந்தவை அல்ல. வறுமையால் பிறந்தவையும் உண்டு. பொறியின் வறுமையைச் சொல்கிறேன். மாரியோவின் முழு உலகமும் 40 கிலோபைட்டில் அடங்கியது. இன்று நம் கைப்பேசி எடுக்கும் ஒரு நிழற்படத்துக்கு அதைப்போல் பல மடங்கு இடம் வேண்டும். அந்தச் சிறு பெட்டிக்குள் மலையும் மேகமும் கோட்டையும் வைக்க வேண்டுமானால் என் செய்வது? அங்கே வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம். வெள்ளை பூசினால் மேகம்; பச்சை பூசினால் புதர். மாரியோவின் மீசைக்கும் காரணம் உண்டு. 1981இல் 'டாங்கி காங்' விளையாட்டுக்காக அவனை வரைந்த ஷிகேரு மியாமோட்டோ, சில புள்ளிகளில் வாயை வரைய இயலாமல் மீசை வைத்தார். தலைமயிரை வரைவது கடினமென்று தொப்பி அணிவித்தார். ஏழைத் தாய் கிழிசலின் மேல் பூ வேலை செய்வதுபோலத்தான்.

1999இல் வந்த 'சைலண்ட் ஹில்' நகரில் எந்நேரமும் மூடுபனி. தொலைவிலுள்ளவற்றையெல்லாம் வரையும் வலிமை அன்றைய பிளேஸ்டேஷனுக்கு இல்லை. பனி அதை மறைத்தது. ஆனால் அந்தப் பனியே அவ்விளையாட்டின் அச்சமாக ஆகிவிட்டது. 1996இல் வந்த 'ரெசிடென்ட் ஈவில்' மாளிகையில் ஒவ்வொரு கதவும் இருளில் மெல்லத் திறக்கும். அடுத்த அறையை வட்டிலிருந்து படித்தெடுக்கப் பொறிக்கு நேரம் வேண்டும். அந்தக் காத்திருப்பைக் கதவு மறைத்தது.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த கதை 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'. ஜப்பானில் தோமோஹிரோ நிஷிகாடோ என்பார் 1978இல் ஆக்கியது. வானிலிருந்து 55 பகைவர் வரிசையாக இறங்கி வருவர். அவர்களைச் சுட்டு வீழ்த்த வீழ்த்த, எஞ்சியவர் வேகம் கூடிக்கொண்டே போகும். படையில் பாதி அழிந்தால் மீதி சோர வேண்டாமோ? இங்கே எதிர்மாறு. காரணம் யாதெனில், பொறி ஒரு நேரத்தில் ஒரு பகைவனைத்தான் நகர்த்தும். 55 பேரை ஓரடி நகர்த்த 55 முறை உழைக்க வேண்டும். ஐவர் மட்டுமே எஞ்சினால் ஐந்து முறை போதும். கணக்குக் குறையக் குறைய வேகம் தானே கூடிற்று. நிஷிகாடோ அதைக் குறையென்று திருத்தவில்லை. ஆட்டம் சூடுபிடிக்கிறதென்று கண்டு அப்படியே விட்டார். போகப் போகக் கடினமாகும் விளையாட்டு என்னும் மரபுக்கு அது பெருந்தூண்டுதல் ஆயிற்று. தற்செயல் சட்டமாகிவிட்டது!

மூன்றாவது வகை, காசால் பிறந்தது. மனிதனுக்கு உயிர் ஒன்று. விளையாட்டு வீரனுக்கு ஏன் மூன்று? அன்றைய பொறிகள் கடைகளில் நின்றவை. காசு போட்டால்தான் இயங்கும். ஒரே உயிர் என்றால் காசு போட்டவன் ஏமாந்து போவான். எண்ணற்ற உயிர் என்றால் கடைக்காரன் ஏமாந்து போவான். இருவரும் ஒப்பிய இடையெண்தான் மூன்று. அதற்கு முன்பிருந்த பின்பால் பொறியிலும் காசுக்கு இத்தனை பந்து என்று கணக்கு உண்டு. பிறகு அப்பொறிகள் வீட்டுக்குள் வந்தன. காசுத் துளை போயிற்று. மூன்று உயிர் மட்டும் நெடுங்காலம் போகவில்லை. மாமியார் காலத்துப் பழக்கத்தை மருமகள் காரணம் கேளாமல் தொடர்வதில்லையா? அதுபோல.

இனி, வேடிக்கைக்கு ஒரு கணக்கு. 'மைன்கிராஃப்ட்' விளையாட்டில் ஒவ்வொரு கட்டியும் ஒரு கன மீட்டர். வீரனின் பையில் 36 அறைகள். ஓரறையில் 64 கட்டிகள். பெருக்கினால் 2,304 கன மீட்டர். எல்லாம் தங்கமாக இருந்தால் எடை ஏறத்தாழ 44,000 டன்! இத்தனையையும் சுமந்துகொண்டு அவன் துள்ளிக் குதித்து ஓடுவான். ஆனால் இதே உலகில் மரத்தின் அடியை வெட்டினால் மேல்பாகம் அந்தரத்தில் நிற்கும். மணல் போன்ற சில கட்டிகள் மட்டும் விழும். ஏன் இப்படி? கட்ட வந்தவனுக்குக் கட்டும் இன்பம் வேண்டும். கல் சுமக்கும் கூலி வேலை வேண்டாம். எது இன்பமோ அதை வைத்துக்கொண்டு, எது சுமையோ அதை நீக்கிவிட்டார்கள்.

இவ்வளவு தூரம் வந்தபின், "அப்படியானால் எல்லாப் பொய்யும் நல்லவையே" என்று நான் முடிப்பேன் என எதிர்பார்ப்பீர்கள். சென்ற அக்டோபர் மாதம் வரை நானும் அப்படித்தான் எண்ணினேன்.

பல விளையாட்டுகளில் பரவிய ஒரு மரபு உண்டு: உயிர்க்கோடு. திரையின் மூலையில் ஒரு பட்டை. அடிபட்டால் குறையும், மருந்துப் பெட்டி எடுத்தால் நிறையும். பாதி குறைந்த வீரனும் முழு வேகத்தில் ஓடுவான். இதற்கும் நியாயம் உண்டு. காயம்பட்டவன் நொண்டினால் மேலும் அடிபடுவான். மேலும் அடிபட்டால் இன்னும் நொண்டுவான். முதல் அடியிலேயே ஆட்டம் முடிந்ததாகிவிடும். 2005இல் வந்த 'கால் ஆஃப் டியூட்டி 2' இன்னும் ஒருபடி சென்றது. குண்டடிபட்ட சிப்பாய் சுவருக்குப் பின் சில நொடி பதுங்கினால் போதும், மருந்தே வேண்டாம், உடல் தானே தேறும். அடுத்த சண்டைக்கு ஆடுபவன் அரை உயிரோடு வருவானோ கால் உயிரோடு வருவானோ என்ற கவலை ஆக்குவோனுக்கு இல்லை. எல்லாரும் முழு உயிரோடுதான் வருவார்கள். திட்டமிட எளிது. நியாயமான ஏற்பாடுதான்.

அந்த அக்டோபரில் என் அறைத்தோழனுக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. மழைக்காலம் முடியும் நேரத்தில் இத்தலைநகரில் அது புதிதன்று. நான்கு நாள் அனலாய்க் கொதித்தான். நாங்கள் மாறி மாறிக் கஞ்சியும் இளநீரும் கொடுத்தோம். ஐந்தாம் நாள் காலை வெப்பமானி 98 காட்டிற்று. அறையே மகிழ்ந்தது. எனக்கோ வேறொரு நினைவு: கூரைகளின் படம் பாதியில் நிற்கிறதே! "டேய், காய்ச்சல் விட்டாச்சுல்ல? எந்திரி, ரெண்டு கூரை மட்டும் போட்டுக் கொடுத்துரு" என்றேன். வயிறு வலிக்கிறது என்றான். நான்கு நாள் பட்டினியின் பலவீனம் என்று நானே வைத்தியம் சொன்னேன். எனக்காக எழுந்து மேசைவரை நடந்தான். நாற்காலியைப் பிடித்தபடியே சாய்ந்து விழுந்தான்.

மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் பிறகு எங்களுக்கு விளக்கினார். டெங்குவில் காய்ச்சல் தணியும் நேரமே அபாயமான நேரம். வெப்பம் இறங்கிய பின் வரும் ஓரிரு நாட்களில்தான் குருதிக் குழாய்களிலிருந்து நீர்மம் கசிந்து, குருதி அழுத்தம் திடீரென வீழக்கூடும். கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ குருதி, அளவுமீறிய சோர்வு, இவற்றுள் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும். "காய்ச்சல் விட்டதும் நோய் விட்டதென்று நினைத்துவிட்டீர்கள்" என்றார். அவர் கடிந்து சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் இன்றும் என்னைச் சுடுகிறது.

நான் வெப்பமானியைப் பார்க்கவில்லை, அன்பர்களே, உயிர்க்கோட்டைப் பார்த்தேன். கோடு நிறைந்துவிட்டது, வீரன் எழ வேண்டும் என்று எண்ணினேன். என் தோழன் பிழைத்தான். ஆனால் அவன் பழையபடி நடமாட மூன்று வாரங்களுக்கு மேல் ஆயிற்று. வகுப்புக்கு மூன்று மாடி ஏறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்குவான். அந்த நிற்றலுக்கு எந்த விளையாட்டிலும் இடமில்லை.

விளையாட்டுத்தான் என்னை அப்படி ஆக்கியது என்று பழிபோட மாட்டேன். பொறுமையின்மை என்னுடையது, அறியாமையும் என்னுடையது. ஆனால் சொல்லாமல் பழகும் மரபு, நாம் அறியாமலே நம் கண்ணில் படிந்துவிடுகிறது என்பதை அன்று கண்டேன். மேகமும் புதரும் ஒன்றென்று எவரும் நம்பிவிடப் போவதில்லை. காற்றில் திரும்பலாம் என்று எவரும் மாடியிலிருந்து குதித்துப் பார்க்கப் போவதில்லை. அப்பொய்கள் பொய்யென்று முகத்திலேயே எழுதி ஒட்டியவை. உடல் ஓர் எண், தேறுதல் ஒரு நொடி என்னும் பொய்யோ உண்மையின் உடையணிந்து வருகிறது. அதனிடத்தில்தான் விழிப்பு வேண்டும்.

ஆக்குவோரும் இதை அறியாதவர் அல்லர். 1997இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 7' விளையாட்டில் சண்டையில் வீழ்ந்தவரை ஓர் இறகால் எழுப்பிவிடலாம். எத்தனை முறையும் எழுப்பலாம். ஆனால் கதையின் நடுவே ஏரித் என்னும் பெண் கொல்லப்படுகிறாள். பையில் எத்தனை இறகு இருந்தாலும் அவளை எழுப்ப முடியாது. இது முரண்பாடல்லவா என்று பலரும் வாதிட்டார்கள். முரண்பாடே. ஆயினும் அதுவரை ஆட்ட விதியாக இருந்த மரணம் அவ்விடத்தில்தான் மரணமாகிறது. உலகெங்கும் எத்தனையோ பேர் அழுததும் அங்கேதான்.

நம் முன்னோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. தொல்காப்பியம் அகப்பொருள் பற்றிப் பேசுமிடத்து நாடக வழக்கு என்றும் உலகியல் வழக்கு என்றும் இரண்டைச் சொல்கிறது. தெருக்கூத்தில் அரசன் மேடையை ஒருமுறை சுற்றிவந்தால் காடு கடந்தாயிற்று. பார்ப்பவர் எவரும் எழுந்து, "இதென்ன, பத்தடிதானே நடந்தாய்?" என்று கேட்பதில்லை. கூத்து முடிந்ததும் அவர்கள் தம் ஊருக்கு முழுத் தொலைவும் நடந்தே போகிறார்கள். நாடக வழக்கை நாடகத்தில் விட்டுவிட்டு வருகிறார்கள். அவ்வளவே வேண்டுவது.

பொங்கலன்று எங்கள் விளையாட்டு அரங்கின் மூலையில் ஒரு மேசைமேல் வைக்கப்பட்டது. வரிசையில் நின்று ஆடினார்கள். சிறுவன் காற்றில் ஓடினான், காற்றில் திரும்பினான். எவரும் குறை சொல்லவில்லை. பௌதிக நண்பரே பொய்களைப் பெருமையோடு விளக்கிக் கொண்டிருந்தார். ஒன்றை மட்டும் நாங்கள் மூவரும் கூடி முடிவு செய்து சேர்த்திருந்தோம். சிறுவன் விழுந்தால் உடனே எழமாட்டான். கூரை ஓரத்தில் சிறிது நேரம் உட்கார்ந்திருப்பான். ஆடுபவர் காத்திருக்க வேண்டும். பலர் பொறுமையிழந்து பொத்தானை அமுக்கினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அந்தச் சிறுவன் உட்கார்ந்திருக்கும் படத்தை வரைந்தவன் என் அறைத்தோழன். அவன் கடைசியாக வரைந்த படமும் அதுதான்; உடல் நன்றாகத் தேறியபின், தானே கேட்டு வாங்கி வரைந்தான்.